மைனஸ் இரண்டே கால்

மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டாள் வர்ணிகா.
"கண்ணைச் சுருக்காதே பாப்பா" என்றாள்
லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்த பெண்.
பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து
நானும் சுருக்கிக்கொண்டுதான் இருந்தேன்,
அவளுக்கு உதவுவதுபோல.

மைனஸ் இரண்டே கால்.
வயது எட்டு.

சீட்டின் மை காய்வதற்குள்
நாத்தனார் மஞ்சுளா போனில் வந்தாள்:
"எங்க பக்கம் யாருக்கும் கிடையாதே."

கிடையாதுதான்.
கொருக்குப்பேட்டையில் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று
என் கண்ணாடியைக் கழற்றி
அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தார்கள்.
காபித் தட்டோடு
தரையைக் காலால் தடவித் தடவி நடந்ததை
அடக்கமான பெண் என்று
மஞ்சுளாதான் முதலில் சொன்னாள்.
பையனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள்.
நான் பார்த்தது ஒரு நீலச் சட்டை,
அதன்மேல் மாநிறமாய் ஒரு வட்டம்.
பிடித்திருக்கிறது என்றேன்.
பொய்யில்லை. நல்ல நீலம் அது.

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் கண்ணைப் பிளந்து காட்டினார்.
விழி கொஞ்சம் நீளமாக வளர்ந்துவிட்டதாம்.
ஸ்டாப்பிங்குக்கு முன்னாலேயே
நிறுத்தி இறக்கிவிட்டுப் போகிற பஸ்போல
வெளிச்சம் திரைக்கு ஒரு மயிரிழை முன்னால் இறங்கிவிடுகிறது.
மிச்ச தூரத்தைக் குழந்தை நடக்கிறாள்.

"என்னாலயா டாக்டர்?"
"கொஞ்சம் உங்களால. கொஞ்சம் வீட்டால.
வெயில்ல விளையாடுறாளா?"

சென்னையில்,
மே மாதம் பதினேழாம் தேதி,
ஒரு பிள்ளைக்கு வெயில் போதவில்லை என்கிறார்.
சிரிக்க வந்தது. பிறகு வீட்டை நினைத்தேன்.
ராயபுரத்தில் இரண்டாவது மாடி.
ஜன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில்
அடுத்த வீட்டின் பூசாத செங்கல்.
பகல் பதினொன்றுக்கும் டியூப்லைட்.
கீழே விளையாட இருந்த இடத்தில்
ஒன்பது பைக்குகள்.
அவள் பார்க்கக் கிடைத்ததிலேயே தொலைவான பொருள்
எங்கள் ஃப்ரிட்ஜ்.
கண் பாவம், கெட்டிக்காரத்தனமாக
கிடைத்த வீட்டுக்கு அளவெடுத்து வளர்ந்திருக்கிறது.

"அப்பாவுக்கும் பாத்துடலாமே" என்றார் டாக்டர்.
"எனக்கெதுக்கு சார்" என்றபடியே
தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார்.
நான்காவது வரியில் எட்டை மூன்றென்றார்.
அடுத்த வரியில் ஒன்றும் சொல்லவில்லை.

மைனஸ் ஒன்றே முக்கால். இரண்டு கண்ணிலும்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதெல்லாம்
பக்கத்து ஆளிடம் "அது எந்த வண்டிங்க?" என்று கேட்பாரே,
பதினொரு வருடமாக அதை
சிநேக சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

ஆட்டோவில் கேட்டேன்:
"அன்னிக்கு என் முகம் தெரிஞ்சுதா?"
மின்ட் வரைக்கும் பதில் இல்லை.
அப்புறம் சொன்னார்,
"உங்க வீட்டுக் கூடம் நீளம்.
மஞ்சள் புடவை நல்லா இருந்துச்சு."

மஞ்சுளாவிடம் அவரேதான் பேசினார்.
"நீயும் ஒருதடவை பாத்துக்கோ" என்பது மட்டும்
சமையலறைக்குக் கேட்டது.

இப்போது தினமும் சாயங்காலம் மொட்டை மாடி,
மருந்துபோல.
ஈரத் துணிகளுக்கு நடுவே அவள் துறைமுகத்தைப் பார்க்கிறாள்.
"அம்மா, கிரேனுக்கு ஏணி இருக்கு!"
இருக்கிறது. அதில் ஒருவர் ஏறிக்கொண்டும் இருக்கிறார்.

இருட்டி விளக்குகள் வந்ததும்
கண்ணாடியைக் கழற்றினாள்.
"இப்படிப் பாரும்மா. லைட் எல்லாம் பூசணிப்பூ."
எனக்குத் தெரியாதா.
யாருக்கும் சொல்லாமல் நான் வைத்திருந்த தோட்டம் அது.
கழற்றினேன்.
"என்னுது உன்னுதைவிடப் பெரிசு" என்றேன்.
அவர் தன் புதுக் கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் பார்த்துவிட்டு,
"எனக்கு அரும்புதான்" என்றார் குறையோடு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும்,
ஏறவிடக் கூடாது என்று டாக்டர் சொன்னது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
அவளுக்குப் போட்டுவிட்டேன், காது வலிக்காமல்.

என்னுடையதை மட்டும்
இன்னும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.